டிசம்பர் மாங்கூழ்

அக்கா எந்தப் பொருளைக் கையில் எடுத்தாலும் முதலில் தலைகீழாகத்தான் பிடிப்பார். முன்பக்கத்துப் படமோ பெயரோ தள்ளுபடி விலையோ அவர் கண்ணில் படவே படாது. டின் என்றால் அடிப்பாகம், பை என்றால் தையல் ஓரம், பாட்டில் என்றால் லேபிளின் பின்பக்கத்துப் பொடி எழுத்து. மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, மூன்று விரல் தூரத்தில் வைத்துக்கொண்டு, உதடு அசைய எழுத்துக் கூட்டுவார். முடித்ததும், "ம்... இது துருக்கி" என்பார். அதன் பிறகுதான் அது அத்திப்பழமா பாதாமா என்று முன்பக்கம் திருப்பிப் பார்ப்பார்.

நான் அவரை முதன்முதலில் பார்த்ததும் அந்தக் கோலத்தில்தான். கனடாவுக்குப் போய் எனக்கு மூன்றாவது வாரம். என் கணவர் அங்கே ஓர் இறக்குமதிக் கிடங்குக் கடையில் சூப்பர்வைசராக இருந்தார். கடை என்றால் கடை இல்லை. நம்மூர் குடோன்கள் பத்தை ஒன்றாக்கி நடுச்சுவர்களை எடுத்துவிட்ட மாதிரி ஓர் இடம். உறுப்பினர் அட்டை இருந்தால்தான் உள்ளே விடுவார்கள். இந்தியா, இலங்கை, ஆப்பிரிக்கா, கரீபியத் தீவுகள் என்று எங்கெங்கோ விளைந்த அரிசியும் பருப்பும் மசாலாவும் மரப்பலகை அடுக்குகளில் ஆள் உயரத்துக்கு மூன்று மடங்கு நிற்கும். ஃபோர்க்லிஃப்ட் வண்டிகள் பீப் பீப் என்று கத்திக்கொண்டு குறுக்கே போகும். இரண்டு பேருக்குச் சமைக்க நூறு கிராம் சீரகம் வாங்க வந்தவள், ஐந்து கிலோ மூட்டைக்கு முன்னால் திகைத்து நின்றுகொண்டிருந்தேன். அப்போது அம்மா போனில் கூப்பிட்டாள்.

"சரிம்மா, வூட்டுக்குப் போயிட்டுப் பேசறன்" என்று வைத்தேன்.

கீழே இருந்து ஒரு குரல் வந்தது. "எந்த ஊருங்க? பாலக்கோடா, பென்னாகரமா?"

குனிந்து பார்த்தால், குளிர் ஜாக்கெட்டைக் கழற்றித் தரையில் விரித்து அதன்மேல் ஓர் அம்மாள் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். கையில் ஒரு ஆலிவ் எண்ணெய் பாட்டில்.

"பென்னாகரங்க."

"நான் மாரண்டஹள்ளி. வூடுன்னு சொன்னப்பவே தெரிஞ்சுபோச்சு." நலம் விசாரிக்கவில்லை, யார் வீட்டுப் பெண் என்று கேட்கவில்லை. பாட்டிலை நீட்டினார். "உனக்குக் கண்ணு நல்லாத் தெரியுமில்ல? இதப் படி. முன்னாடி இத்தாலிக் கொடி போட்டிருக்கான். பின்னாடி வேற என்னமோ ஊரு."

"துனீசியாங்க."

"அது எங்க இருக்குது?"

எனக்குத் தெரியவில்லை. போனில் தேடிக் காட்டினேன். வரைபடத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். "ஓ, கடலுக்கு இந்தப் பக்கமா! அங்க பறிச்சு, கப்பல்ல ஏத்தி, இத்தாலியில பாட்டில்ல ஊத்தறான்." ஒரு மர்மம் விலகியதைப் போல முகம் மலர்ந்தது. பாட்டிலை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டார். வாங்குவதற்காக அதை எடுக்கவில்லை என்று அப்புறம்தான் புரிந்தது.

நாங்கள் இருந்த அதே கட்டடத்தில், எங்களுக்கு இரண்டு மாடி கீழே அவர் வீடு. வயது நாற்பத்தைந்து இருக்கலாம். வீட்டுக்காரர் நெடுந்தூர லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் ஒரு வாரம்தான் வீட்டில் இருப்பார். அக்கா ஒரு குழந்தைகள் காப்பகத்தின் சமையலறையில் வேலை பார்த்தார். அதன் பிறகு சனிக்கிழமை தவறாமல் நானும் அவரும் என் கணவரின் அட்டையில் கிடங்குக்குப் போவோம். போனால் திரும்ப மூன்று மணி நேரம். வாங்குவது ஒரு பை.

அவருடைய ஆங்கிலம் எனக்கு ரொம்ப நாள் புதிராக இருந்தது. சாதாரணமாக நாலு வார்த்தை சேர்த்துப் பேசத் திணறுவார். ஆனால் திடீரென்று, "உங்கள் பொறுமைக்கு நன்றி", "இந்த அழைப்பு தரத்துக்காகப் பதிவு செய்யப்படலாம்" என்று சுத்தமான ஆங்கிலத்தில் பொழிவார். ஒருநாள் டீ குடித்துவிட்டு நான் எழுந்தபோது, "இன்று வேறு ஏதாவது உதவி தேவையா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் சிரித்துவிட்டேன். பிறகுதான் சங்கதி தெரிந்தது. பாக்கெட்டின் பின்னால் வாடிக்கையாளர் சேவைக்கு என்று ஓர் இலவச எண் போட்டிருப்பார்களே, அந்த எண்ணுக்கெல்லாம் அக்கா போன் செய்வார். இங்கிலீஷ் கற்றுக்கொண்டதே அவர்களிடம்தான்.

"பிஸ்கட்டு நல்லாயில்லன்னு புகார் சொல்வீங்களாக்கா?"

"சே சே. இந்தக் கோதுமை எந்தக் காட்டுல வெளஞ்சுதுன்னு கேப்பன். தெரியாதும்பாங்க. யாருக்குத் தெரியும்னு கேப்பன். மேனேஜர்கிட்டக் குடுப்பாங்க. அவங்களுக்கும் தெரியாது. விசாரிச்சுச் சொல்றன்னு சொல்லிட்டு ஒரு பொண்ணு நெசமாவே மறுநாள் கூப்புட்டுச் சொல்லிச்சு."

ஒரு மதியம் நான் கூட இருக்கும்போது ஒரு நூடுல்ஸ் பாக்கெட்டின் எண்ணை அழுத்தினார். எதிர்முனையில் ஒரு பெண் வெளிநாட்டு உச்சரிப்பில் தன் பெயர் என்று ஏதோ ஒன்றைச் சொன்னாள். அக்கா இரண்டு நிமிடம் கேட்டுவிட்டுப் புருவத்தை உயர்த்தினார். பிறகு கன்னடத்தில், "நீவு பெங்களூரா அம்மா?" என்றார். எதிர்முனையில் ஒரு சிரிப்பு. அந்தப் பெண் பெங்களூரில் உட்கார்ந்துகொண்டுதான் கனடாக்காரர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். நாற்பது நிமிடம் பேசினார்கள். எங்கள் எல்லையோரத்தில் கன்னடம் தெரியாத வீடு குறைவு. அவள் ஊர் ஆனேக்கல் பக்கம் என்பதும், அப்பாவுக்குச் சர்க்கரை என்பதும், அவளுக்கு வைத்திருந்த பொய்ப் பெயர் அவளுக்கே பிடிக்கவில்லை என்பதும் தெரியவந்தன. நூடுல்ஸ் எங்கே செய்தார்கள் என்பது கடைசி வரை தெரியவில்லை.

துவரம்பருப்பு விஷயம் இன்னொன்று. மூட்டையின் முன்னால் கோயில் கோபுரம் ஒன்றை அழகாக அச்சடித்திருந்தார்கள். அக்கா தையல் ஓரத்தைப் புரட்டினார். மலாவி என்று இருந்தது. "கோபுரம் நம்முளுது, பருப்பு மலாவிக்காரனுதா!" என்று கடையே திரும்பிப் பார்க்கும்படி சொன்னார். அதோடு விட்டாரா? எங்கள் கட்டடத்தின் துணி துவைக்கும் அறையில் ஆறேழு வாரம் காத்திருந்து, யார் யார் எந்த ஊர் என்று விசாரித்து, கடைசியில் ஐந்தாவது மாடியில் மலாவிப் பெண்மணி ஒருவரைப் பிடித்தேவிட்டார். அவர்கள் ஊரில் துவரையை நந்தோலோ என்பார்களாம், பருப்பாக உடைக்காமல் முழுசாகவே வேகவைப்பார்களாம். அந்த அம்மாள் செய்து கொண்டுவந்ததை அக்காவும் நானும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அவரிடம் அக்கா கேட்ட கேள்விகளில் பாதி எனக்கே கூச்சமாக இருந்தது. அந்த அம்மாள் ஒன்றுக்கும் முகம் சுளிக்கவில்லை. அக்கா கேட்கிற விதம் அப்படி. மடக்குவதற்காகக் கேட்க மாட்டார். தெரிந்துகொண்டு எதற்கும் பயன்படுத்தவும் மாட்டார். தெரிந்ததும் அவருக்கு ஒரு சந்தோஷம், அவ்வளவுதான்.

ஆனால் தன்னைப் பற்றிக் கேட்டால் பிடி கொடுக்க மாட்டார். மாரண்டஹள்ளிக்குப் போய்ப் பதினாறு வருஷம் என்று ஒருமுறை வாய் தவறிச் சொன்னார்.

"ஏங்க்கா, அம்மா வூட்டுக்குப் போறதே இல்லையா?"

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை. "அந்தப் பாக்கெட்டுல நம்பர் போடல கண்ணு" என்றார். நான் அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டுமோ என்று இப்போது தோன்றுகிறது. அவராக இருந்தால் கேட்டிருப்பார்.

கல்யாணத்துக்கு முன்னால் அவர் ஊர்ப்பக்கம் ஒரு மாங்கூழ் கம்பெனியில் நான்கு சீசன் வேலை பார்த்தவர் என்பது மட்டும் தெரியும். பழம் பொறுக்கும் வேலையில் ஆரம்பித்து, டின் அடைக்கும் இடத்துக்குப் போயிருக்கிறார். அதைப் பற்றிப் பேச அவருக்குப் பிடிக்கும்.

நாங்கள் அங்கே இருந்த மூன்றாவது வருஷம், தமிழ்க்காரர்கள் சேர்ந்து குழந்தைகளுக்காகச் சித்திரைத் திருவிழா ஒன்று நடத்தினோம். மாம்பழ லஸ்ஸி என் பொறுப்பு. கிடங்கின் முதலாளி மாங்கூழ் டின்களைப் பாதி விலைக்குத் தருவதாகச் சொல்லியிருந்தார். அக்காவையும் கூட்டிக்கொண்டு போனேன்.

மாங்கூழ் இரண்டு பேலட் பலகை நிறைய அடுக்கியிருந்தது. நான் ஒரு அட்டைப்பெட்டியை வண்டியில் இறக்கி வைப்பதற்குள் அக்கா ஒரு டின்னைக் கவிழ்த்துவிட்டார்.

"கண்ணு, இங்க வா. இதுல என்னா மாசம் போட்டிருக்குது?"

வெள்ளை ஸ்டிக்கர். இறக்குமதியாகும் எல்லாப் பொருளிலும் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் ஒட்டுகிற மாதிரிதான் இருந்தது. "தயாரிச்சது டிசம்பர்னு இருக்குதுங்க்கா."

"டிசம்பர்ல எந்த மரத்துல மாங்கா காய்க்குது?"

"டிரம்மில வச்சிருந்து அப்பறமா டின்னுல அடைச்சிருப்பாங்க."

"இருக்கலாம். நான் பாத்த வரைக்கும் சீசன்லயே அடைச்சு, சீசன்லயே அனுப்பிருவாங்க. இரு." டின்னை நேராக்கி மூடியைத் தடவினார். தகட்டிலேயே அழுத்திப் பொறித்த எழுத்துகள் இருந்தன. "இந்த மூணு நம்பரு இருக்குதே, இது வருஷத்துல எத்தனாவது நாளுன்னு அர்த்தம். நூத்தி அறுவத்திரெண்டு. எண்ணிப் பாரு. ஜூன் மாசம். டின்னு ஜூனுங்குது, காகிதம் டிசம்பருங்குது."

சொல்லிக்கொண்டே நகத்தால் ஸ்டிக்கரின் ஓரத்தைக் கிளப்பினார். அது பிசுபிசுவென்று வந்தது. அடியில் பழைய தேதி அச்சாகியிருந்தது. பயன்படுத்த வேண்டிய கெடு முடிந்து பதினோரு மாதம் ஆகியிருந்தது.

வண்டியில் வைத்த பெட்டியைத் திரும்பப் பலகையிலேயே வைத்தேன். அதற்கு முந்தின வாரம் என் கணவர் இரண்டு நாள் தொடர்ந்து வேலையிலிருந்து வந்ததும் பசை ஒட்டிய கட்டைவிரலைத் தேங்காய் எண்ணெய் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். என்ன பசை என்று கேட்டதற்கு, "லேபிள் வேல" என்றார்.

"அக்கா, வைங்க. போலாம்."

"இரு கண்ணு. யாரு ஒட்டினாங்கன்னு தெரிய வேண்டாமா?"

அந்த நேரம் பார்த்து ஆரஞ்சு நிற வேலைச் சட்டையோடு என் கணவர் அந்தப் பக்கம் வந்தார். அக்காவின் கையில் டின்னையும், விரல் நுனியில் ஒட்டிக்கொண்டிருந்த வெள்ளைக் காகிதத்தையும் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"தம்பி, இத நீங்களா ஒட்டினீங்க?"

குரலில் குற்றம் சாட்டும் தொனி கொஞ்சம்கூட இல்லை. துனீசியா எங்கே இருக்கிறது என்று கேட்ட அதே குரல். அதனால்தானோ என்னவோ அவரால் பொய் சொல்ல முடியவில்லை.

"ஆமாங்க்கா. நாந்தான்."

"எல்லாத்துலயுமா?"

"ரெண்டு பேலட்டும்."

"ஏன் தம்பி?"

"மொதலாளி சொன்னாரு. கூழு டின்னுக்குள்ள இருக்கற வரைக்கும் கெடாது, தேதி சும்மா ஒரு சம்பிரதாயம்னாரு."

"அப்ப அந்தத் தேதியோடயே விக்கலாமில்ல? எதுக்கு மேல ஒட்டணும்?"

அவர் என்னைப் பார்த்தார். நான் அட்டைப்பெட்டியைப் பார்த்தேன். அக்கா உண்மையிலேயே பதிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தார். ஒரு ஃபோர்க்லிஃப்ட் எங்களைச் சுற்றிக்கொண்டு போனது. என் கணவர் அந்தப் பக்கமாக நடந்துவிட்டார்.

வெளியே கார் நிறுத்தும் இடத்தில் நான் அக்காவிடம் கத்தினேன். என் வாழ்க்கையில் பெரியவர் ஒருவரிடம் அப்படிப் பேசியது அதுதான். "எங்க பர்மிட்டு அந்த மொதலாளி கையில இருக்குதுங்க்கா. அவரு வேலையில வச்சிருந்தாத்தான் நாங்க இந்த நாட்ல இருக்க முடியும். நீங்க எங்கியாச்சும் போன் போட்டுக் கேட்டீங்கன்னா எங்க பொழப்பு போச்சு."

அக்கா திகைத்துப் போனார். "நான் எதுக்கு கண்ணு யாருக்கோ போன் போடப் போறன்? எனக்குத் தெரியணும்னு கேட்டன். தெரிஞ்சுபோச்சு. அவ்வளவுதான்."

சொன்னபடி அவர் யாருக்கும் போன் செய்யவில்லை. அந்த டின்களைப் பற்றி எங்கள் வீட்டிலும் பேச்சு இல்லை. லஸ்ஸிக்கு வேறு கடையில் பழமாக வாங்கி அரைத்தேன். என் கணவரோ தட்டில் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருப்பார், கை வாய்க்குப் போகாது. நாலாம் நாள், "அந்தக்கா கேட்டதுக்குப் பதிலு சொல்ல மாட்டங்குது வாயி" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். கடை பத்து மணிக்குத்தான் திறக்கும். எங்கே என்று நான் கேட்கவில்லை, கேட்காமலே தெரிந்தது. கீழே இறங்கும்போது அக்கா வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறார். இருவரும் மூன்று மணி நேரம் உட்கார்ந்து ஒவ்வொரு டின்னாக உரித்திருக்கிறார்கள். வெந்நீரில் துணியை நனைத்து வைத்தால் பசை சீக்கிரம் விடும் என்று கண்டுபிடித்தது அக்காவாம். பழைய தேதி வெளியே தெரியும்படி திருப்பி அடுக்கிவிட்டு வந்தார்கள். அந்த மூன்று மணி நேரமும் நான் வீட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். கழுவியதையே மறுபடி கழுவினேன்.

திங்கட்கிழமை மத்தியானத்துக்குள் வேலை போய்விட்டது. முதலாளி அந்த டின்களை விற்கவும் முடியாமல் வெளியே சொல்லவும் முடியாமல் குப்பைக்கு அனுப்பினார் என்று கேள்விப்பட்டோம். புது வேலைக்கும் புது அனுமதிக்கும் நான்கு மாதம் அலைந்தோம். அமையவில்லை. ஊருக்கு டிக்கெட் போட்டோம்.

மூட்டை கட்டும் நாளில் அக்கா வந்தார். சாமான்களைச் செய்தித்தாளில் சுற்றி அட்டைப்பெட்டிகளில் போட்டுக்கொண்டே இருந்தார். கடைசிப் பெட்டிக்கு டேப் ஒட்டிவிட்டு நிமிர்ந்து கேட்டார்.

"எம்மேல கோவமா இருக்கறியா?"

"ஆமாங்க்கா" என்றேன். மறைக்கத் தோன்றவில்லை. தப்பு செய்தது யார், சரி செய்தது யார் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் அந்த டின்னை அவர் கவிழ்க்காமல் இருந்திருக்கலாம் என்ற எண்ணம் போகவே இல்லை.

"எத்தன நாளைக்கு இருக்கும்?"

வேறு யாராவது கேட்டிருந்தால் குத்தலாகப் பட்டிருக்கும். அவர் தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். "தெரியலைங்க்கா" என்றேன்.

"கோவம் போனதும் சொல்லு" என்று சொல்லி, என் கன்னத்தைத் தொட்டுவிட்டு இறங்கிப் போனார்.

ஊருக்கு வந்து ஆறு வருஷம் ஆகிறது. தருமபுரியில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் எனக்கு வேலை. என் கணவர் பாலக்கோடு ரோட்டில் விதைக்கடை வைத்திருக்கிறார். ஏன் திரும்பி வந்தீர்கள் என்று யார் கேட்டாலும், "குளிரு ஒத்துக்கல" என்பார். என் அப்பா அம்மாவுக்கும் அதேதான். நானும் கூடவே தலையாட்டுவேன். அக்காவுக்குப் பண்டிகைக்கு ஒரு செய்தி அனுப்புவதோடு சரி. நான் கூப்பிடவில்லை, அவரும் கூப்பிடவில்லை.

போன மாதம் உறவுக்காரர்களோடு ஒகேனக்கல் போயிருந்தோம். பரிசலில் நாங்கள் இருவரும், என் அத்தை மகளும். அவள்தான் பேச்சுவாக்கில் நாங்கள் கனடாவில் இருந்ததைச் சொன்னாள். பரிசல்காரர் துடுப்பை நிறுத்தாமல், "அவ்ளோ நல்ல ஊர வுட்டுட்டு ஏங்க வந்துட்டீங்க?" என்றார்.

என் கணவர் குளிர் என்று சொல்லப்போகிறார் என்று நான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் மாங்கூழ் டின்னிலிருந்து ஆரம்பித்தார். முதலாளி சொன்னது, தானே ஒட்டியது, ஓர் அக்கா கேட்டது, பதில் சொல்ல வாய் வராதது, ஞாயிற்றுக்கிழமை உரித்தது என்று ஒன்று விடாமல், குரலைத் தாழ்த்தாமல் சொல்லி முடித்தார். அருவி இரைச்சலுக்கு மேலே கேட்க வேண்டுமே, கத்தியேதான் சொன்னார். சொன்ன பிறகு கைகளைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முகம் கழுவித் துடைத்த மாதிரி இருந்தது.

மறுநாள் சாயங்காலம் அக்காவுக்குப் போன் செய்தேன். அங்கே காலை. இரண்டாவது மணியிலேயே எடுத்தார்.

"அக்கா, அந்தக் கோவம் போயிருச்சுங்க்கா."

என்ன கோபம் என்று கேட்கவில்லை. "அப்படியா! எப்பப் போச்சு?"

"நேத்துங்க்கா. ஒகேனக்கல்ல. மத்தியானம் ஒரு மணி இருக்கும்." நடந்ததை எல்லாம் சொன்னேன். நடுவில் பத்து இடத்தில் நிறுத்திக் கேட்டார். தண்ணீர் எவ்வளவு போகிறது, பரிசலில் எத்தனை பேர், அத்தை மகள் முகம் எப்படி இருந்தது, எல்லாம் வேண்டியிருந்தது அவருக்கு.

"பரிசல்காரரு என்னா சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லலைங்க்கா. கேட்டுட்டே துடுப்புப் போட்டாரு. கரையில எறக்கி வுட்டுட்டுப் போயிட்டாரு."

எதிர்முனையில் ஏதோ பாத்திரத்தைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"இவ்ளோத்தையும் கேட்டுட்டு ஒண்ணுமே கேக்கலையா?" என்றார் அக்கா. அவரால் அதை நம்பவே முடியவில்லை.